முக்கால் மில்லி டியூப்

லாரியிலிருந்து டியூப்கள் இறங்கிய அன்று பெரியவர் சாப்பிடவே மறந்துவிட்டார். மாடியிலிருந்து அவர் மனைவி இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு, "பசிச்சா தானா ஏறி வரட்டும்" என்று அடுப்பை அணைத்துவிட்டாள். கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் எல்லோருக்கும் அவர் பெரியவர், அவர் தம்பி சின்னவர். வீட்டுக்கும் அதே பெயர்கள்தான் ஏறிவிட்டன.

டியூப்கள் மரச்சட்டங்களில் கட்டுக்கட்டாகப் படுத்திருந்தன. இரண்டு அங்குல விட்டம், நாலு மீட்டர் நீளம், முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம் போன்ற பளபளப்பு. சுவர்த் தடிப்பு முக்கால் மில்லிமீட்டர்தான். பெரியவர் ஒன்றை நடுவில் ஒற்றைக் கையால் பிடித்துத் தூக்கித் தராசு மாதிரி ஆட்டிக் காட்டினார்.

"பாருடா, எடையே இல்ல."

தம்பி டியூபின் வாயை விரலால் தடவினான். அவன் வெல்டர். அளந்துதான் பேசுவான். "வெல்டு வெக்கிறப்ப ஓட்டை விழாம இருக்கணும்ணா."

"உன் கைக்கு விழுமா?"

"விழாது. இருந்தாலும் சொல்றேன்."

அந்தப் பட்டறையில் அதுவரை செய்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டி, விடுதிகளுக்கு ஆவியில் சமைக்கிற பெட்டி, பால் ஆலைக்கு மூடியும் முழங்கைக் குழாயும். பாய்லர் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த பெரியவர், தம்பியின் கைத்திறமையை நம்பி வேலையை விட்டுவிட்டு வந்து தொடங்கிய பட்டறை. இப்போதுதான் முதல்முறையாக ஒரு முழு இயந்திரத்துக்கு ஆர்டர் வந்திருந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழச்சாறு ஆலை. அவர்களுக்குச் சாற்றைச் சுண்டவைக்கிற இயந்திரம் வேண்டும். மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுத் தூண். அதற்குள் இந்த டியூப்கள் நெருக்கமாக, செங்குத்தாக நிற்கும். டியூபுக்குள்ளே சாறு மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். டியூபைச் சுற்றி வெளியே நீராவி. டியூபின் உட்பக்கத்துக் காற்றையெல்லாம் ஒரு பம்பு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றில்லாத இடத்தில் சாறு குறைந்த சூட்டிலேயே கொதித்துக் கெட்டியாகிவிடும், நிறமும் மணமும் போகாது.

வரைபடம், கணக்கு எல்லாம் தம்பி மனைவியின் பொறுப்பு. அவள்தான் அந்த வீட்டில் பொறியியல் படித்தவள். ஆனால் வேலை சூடு பிடிக்கிற நேரத்தில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. சில மாதங்களாக அவள் மாடிப்படி இறங்கவில்லை. மிச்சக் கணக்கைப் பெரியவரே போட்டு, டியூபுக்கும் அவரே ஆர்டர் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கீழே வந்தாள். மழைக்கு முந்தைய புழுக்கம். தகரக் கூரை வெந்துகொண்டிருந்தது. டியூபை நகத்தால் ஒரு சுண்டு சுண்டினாள்.

"அத்தான், இது எத்தன மில்லி?"

"முக்கால்."

"நான் ஒன்னேகால்னு குறிச்சிருந்தேனே."

"நீ குறிச்சது தடிம்மா. சூடு சீக்கிரம் கடத்தாது, எடையும் ஜாஸ்தி. நான் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்."

"எந்தக் கணக்கு அத்தான்?"

கேட்டதில் தப்பில்லை. கேட்ட தொனியிலும் தப்பில்லை. ஆனாலும் 'எந்த' என்கிற அந்த ஒரு சொல் பெரியவரின் காதில் முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது.

ராத்திரிச் சாப்பாட்டில் அது வெளியே வந்தது. நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை பெரியவர் மனைவியின் மடியில் தூங்கிப்போயிருந்தது.

"எந்தக் கணக்குன்னு கேட்டியே. பாய்லர் விதிப் புத்தகத்துல இருக்கிற கணக்குத்தான்" என்று அவர் ஆரம்பித்தார். "ஸ்டீம் பிரஷர் நாலு கிலோ. டியூப் விட்டம் இவ்வளவு. ஸ்டீலோட பலம் இவ்வளவு. போட்டுப் பாத்தா பத்துல ஒரு பங்கு மில்லி போதும்னு வருது. நான் வாங்கியிருக்கிறது முக்கால். எட்டு மடங்கும்மா."

"அது உள்ள பிரஷர் இருக்கிற குழாய்க்கான கணக்கு அத்தான். நம்ம மெஷின்ல பிரஷர் வெளிய இருக்கு."

"நாலு கிலோ உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன? நாலு நாலுதானே."

"இல்ல. உள்ள இருந்து தள்ளினா டியூப் விறைச்சுக்கிட்டு நிக்கும். அது கிழிஞ்சாத்தான் போகும். வெளிய இருந்து அமுக்கினா கிழிய வேண்டியதே இல்ல, மடங்கினாப் போதும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுறப்ப வழி அடைச்சுக்கிட்டா ஸ்ட்ரா ஒட்டிக்குதே, அப்படி."

"எனக்கு ஸ்ட்ரா கதை சொல்றியா?"

"ஏன், ஸ்ட்ரான்னா இளப்பமா?" என்றாள் அவர் மனைவி, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே. "போன வாரம் நீங்களேதான் உறிஞ்சி உறிஞ்சிப் பாத்துட்டு, வரலைன்னு தூக்கிப் போட்டீங்க."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டுக்குள் குனிந்துகொண்டான்.

தம்பி மனைவி சிரிக்கவில்லை. வெளி அழுத்தத்துக்கு அந்தப் புத்தகத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது என்றாள். அங்கே ஸ்டீலின் பலம் பெரிய விஷயமில்லை, விறைப்புத்தான் விஷயம். விட்டம் தடிப்பைப் போல எத்தனை மடங்கு, இடையில் பிடிமானம் இல்லாத நீளம் எவ்வளவு, இவற்றை வைத்துத்தான் அனுமதிக்கிற அழுத்தம் வரும் என்றாள். மத்தியானம் குழந்தை தூங்கிய நேரத்தில் போட்டுப் பார்த்தாளாம்.

"எவ்வளவு வருது?"

"நாலரைக்குக் கொஞ்சம் கம்மி."

பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன? நமக்கு நாலுதானே வேணும்."

"உள்ள வேக்குவம் இருக்கே அத்தான். வெளிய நாலு தள்ளுது, உள்ள ஒண்ணு இழுக்குது. டியூப் தாங்க வேண்டியது அஞ்சு."

பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நடுநடுவுல தாங்கு தட்டு இருக்குல்ல. இன்னும் நாலு தட்டு சேத்துப் போட்டுருவோம். பிடிமானம் இல்லாத நீளம் குறைஞ்சுரும்."

"அந்தத் தட்டோட ஓட்டையில டியூப் தளர்வா நிக்குது. ஆடாமப் பாத்துக்கும், அவ்வளவுதான். நசுங்குறதத் தடுக்காது. விதிப்படி மேலயும் கீழயும் வெல்டு வெச்ச தகடு ரெண்டும்தான் பிடிமானம். முழு நாலு மீட்டரையும் எடுத்துக்கணும்."

"நீ என்னடா சொல்ற?" என்று தம்பியிடம் திரும்பினார்.

"ரெண்டு பேர் சொல்றதும் புரியுதுண்ணா."

"இதுக்கு நீ வாயத் தொறக்காமலே இருந்திருக்கலாம்."

"மடங்கினா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க" என்றாள் தம்பி மனைவி. குரல் இறங்கியிருந்தது. "ஒரு டியூப் மடங்கி வெல்டுகிட்ட பிச்சுக்கிச்சுன்னா, ஸ்டீம் பூரா அந்த வழியா கீழ பாயும். கீழதான் சாறு எப்படி வருதுன்னு பாக்குற கண்ணாடி இருக்கு. அது முன்னால எப்பவும் ஒரு ஆளு நிப்பாரு."

புது டியூப் சொன்னால் வந்து சேர நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் பழக்காலம் முடிந்துவிடும். ஆலை வேறு இடத்தில் இயந்திரம் வாங்கிக்கொள்ளும். முதல் பெரிய வேலை கையை விட்டுப் போகும், இனி இந்தப் பட்டறைக்குத் தொட்டியும் மூடியும்தான் என்று ஊரே முடிவு கட்டிவிடும். இதையெல்லாம் பெரியவர் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு.

"சரிப்பா. நான் போட்டது கணக்கே இல்ல. நீங்க ரெண்டு பேரும் தனியாப் பட்டறை வெச்சு, தடி டியூபாப் போட்டு நடத்திக்கங்க."

தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்து கை கழுவப் போய்விட்டார். 'தனியா' என்கிற சொல் அந்த வீட்டில் அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. தகரக் கூரையின் இரைச்சலில் பட்டறையில் யாரும் யாருடனும் பேசாததுகூட வெளியே தெரியவில்லை. ஈரக்காற்றில் மெல்லிய வெல்டிங் வேலை ஓடாது என்பதால் தம்பி தூணின் வெளித் தகட்டை உரசிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி மாடியிலேயே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பெரியவர் மட்டும் தனியாக, பிந்தி வந்து சாப்பிட்டார்.

அவர் மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது டியூபப் பத்தியா, அவங்களப் பத்தியா?"

"என்ன சொன்னேன்?"

"மறந்துபோச்சா? அவங்களுக்கு மறக்கல."

"ஒரு கோவத்துல சொல்றதுதான்."

"கோவம் அவ மேலயா, டியூப் மேலயா?"

கோபம் யார் மேல் என்பது பெரியவருக்கே தெளிவாக இல்லை. அந்தப் புத்தகத்தை அவர் மதிப்போடுதான் திறந்தார், கூட்டியதிலும் பெருக்கியதிலும் ஒரு தப்பும் இல்லை. தப்பான அத்தியாயத்தில் சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார். முழுக்க முட்டாள்தனமாக ஒன்றைச் செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"பேசிப் பிரயோஜனம் இல்ல" என்று எழுந்தார். "நசுக்கிப் பாத்துருவோம்."

பட்டறை மூலையில் பழைய தடித்த குழாய் ஒன்று கிடந்தது. தம்பியைக் கூப்பிட்டு அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டச் சொன்னார். டியூபில் ஒரு சின்னத் துண்டை அதற்குள் நுழைத்து, இரண்டு முனையிலும் டியூபையும் வெளிக்குழாயையும் வளையத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். டியூபின் வாய்கள் இரண்டும் திறந்தே இருக்கும். டியூபைச் சுற்றியுள்ள இடைவெளியில் மட்டும் தண்ணீர். கைப்பம்பால் அழுத்தினால் தண்ணீர் டியூபை வெளியிலிருந்து நெருக்கும். தம்பி பம்பை அடித்தான். ஐந்து, பத்து, பதினைந்து. அழுத்தம் காட்டும் முள் இருபதைத் தொட்டபோதும் டியூப் அப்படியே நின்றது.

பெரியவர் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனார். "இருபதும்மா. இருபது கிலோவுக்கும் ஒண்ணும் ஆகல."

அவள் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "எவ்வளவு நீளத் துண்டு அத்தான்?"

"ஒரு சாண்."

"ஒரு சாண் துண்டுன்னா முனையில இருக்கிற வெல்டே அத வட்டமாப் பிடிச்சு வெச்சுக்கும். நீளமா இருந்தாத்தான் நடுவுல பிடிக்க ஆள் இல்லாம மடங்கும்." கொஞ்சம் தயங்கினாள். "நான் குத்தம் கண்டுபிடிக்கணும்னு சொல்லல."

அவருக்கு எரிச்சல் வந்தது. வந்த எரிச்சலோடேயே படியில் பாதி தூரம் இறங்கி, நின்று, திரும்பி ஏறினார்.

"முழு நீளம் வெச்சா ஒத்துப்பியா?"

"ஒத்துப்பேன்."

"அப்போ நீயும் கீழ வந்து பாரு. அப்புறம் நான் முள்ளத் தப்பாப் பாத்தேன்னு சொல்லக்கூடாது."

நாலு மீட்டர் தடிக் குழாயைத் தேடிப் பிடித்து, முனைகளுக்கு ரப்பர் வளையம் செய்து, ஒழுக்கு இல்லாமல் இறுக்க இரண்டு நாள் பிடித்தது. மழை அப்போதும் விடவில்லை. குழந்தையைப் பெரியவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு அவள் கீழே வந்து முள்ளுக்கு எதிரே நின்றாள். தம்பி பம்பில். டியூபின் ஒரு வாயில் விளக்கு ஒன்றை வைத்து, மறு வாயில் பெரியவர் ஒதுங்கி நின்று ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியில் வெளிச்சம் காசு மாதிரி வட்டமாகத் தெரிந்தது.

"அஞ்சு" என்றாள் அவள்.

வட்டம்.

"ஏழு. எட்டு."

வட்டம். பெரியவர் உதடு மெல்லச் சிரிப்புக்குத் தயாரானது.

"பத்து. பத்தரை."

மூடிய கதவை உள்ளேயிருந்து யாரோ ஒரே ஒரு குத்து குத்தியது போல ஒரு சத்தம். கண்ணாடியில் காசு போய் ஒரு கோடு இருந்தது. முள் சரசரவென்று கீழே விழுந்தது. தம்பி பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான்.

வெளியே இழுத்துப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டு முனையும் அழகான வட்டம். நடுவில் ஒரு கை நீளத்துக்கு, காலடியில் மிதிபட்ட காகிதச் சுருள் மாதிரி இரண்டு பக்கச் சுவரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பெரியவர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சரி. மடங்குது. ஒத்துக்கறேன். ஆனா பத்தரையில மடங்குது. நமக்கு அஞ்சுதான். ரெண்டு மடங்குக்கு மேல இருக்கே."

"விதி மூணு மடங்கு கேக்குது அத்தான்."

"ஏன் மூணு? யாரோ நாற்காலியில உக்காந்து மூணுன்னு எழுதிட்டா மூணா? இதோ கண்ணு முன்னால இருக்கு, ரெண்டு போதும்னு."

அவள் மரச்சட்டங்களைப் பார்த்தாள். "இப்ப வெச்சது எந்த டியூப்?"

"மேல இருந்தது."

"நல்ல டியூபா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"மெஷின்ல நூத்துக்கும் மேல டியூப் நிக்கப்போகுது. எல்லாமே நல்ல டியூபா இருக்காது. இருக்கிறதுலயே மோசமானத ஒண்ணு எடுத்து வெச்சுப் பாருங்க. அது எதுன்னு எனக்குத் தெரியாது. கையால தொட்டு வேலை செய்யறவங்க நீங்கதான் பொறுக்கணும்."

மேலே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவள் போய்விட்டாள்.

அண்ணனும் தம்பியும் மட்டும் நின்றார்கள். அவள் போனபிறகு, எதை எடுத்து வைப்பது என்பது முழுக்கப் பெரியவரின் கையில் இருந்தது. சுமாரான ஒன்றை எடுத்து, 'இதுதான் மோசம்' என்று சொன்னால் மறுக்க ஆளில்லை. அவர் அதை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டே சமதளமான எஃகு மேசை மேல் டியூப்களை ஒவ்வொன்றாக உருட்டத் தொடங்கினார். நல்ல டியூப் ஒரே சீராக ஓடியது. ஒன்று மட்டும் உருளும்போது லேசாகத் தட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். நடுவுக்குப் பக்கத்தில், கட்டிய பட்டை அழுத்திய இடத்தில், துளி தட்டையாக இருந்தது.

"இத ஒதுக்கிருவோம்ணா" என்றான் தம்பி. "மெஷின்ல போட வேணாம்."

"இப்ப தேடினதால கிடைச்சது. நூறு டியூப் மாட்டுற அவசரத்துல யாருடா தடவிக்கிட்டு நிப்பா?"

"நான் தடவுவேன்."

"நீ தடவுவ. நாளைக்கு ஆலையில சுத்தம் பண்றவன் கம்பி பிரஷ்ஷ விட்டு இடிப்பான். அவன் தடவுவானா?"

சொன்ன பிறகுதான், தான் யார் பக்கம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தம்பி ரப்பர் வளையத்தை எடுத்துக் கொடுத்தான்.

இந்த முறை பெரியவரே பம்பை அடித்தார். முள் ஏறியது. மூன்று, நாலு, ஐந்து. ஐந்தில் கையை நிறுத்தி ஒரு மூச்சு விட்டார். ஆலையில் இந்த இடத்தில்தான் இயந்திரம் நாள் முழுக்க ஓடப்போகிறது. பம்பை இன்னும் இரண்டு அடி அடித்தார். ஆறில் அந்தக் குத்து கேட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். தம்பி மனைவி குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

"ஆறு" என்றார்.

அவள் ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். ஜெயித்த முகம் இல்லை அது. "ஆறா? நான் எட்டாவது வரும்னு நெனச்சேன்." தொட்டிலைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு அத்தான்" என்றாள்.

"எனக்கும்தான்."

அன்று நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பேச்சை யார் ஆரம்பிப்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்பாராமல் தம்பிதான் வாயைத் திறந்தான்.

"ஆலையில போயிச் சொல்லிடலாம்ணா. டியூப் இப்படி, கணக்கு இப்படின்னு. ஆர்டர் போனாப் போகட்டும். மறுபடியும் தொட்டி செய்வோம். எனக்குத் தொட்டி செய்யறதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல."

இவ்வளவு நீளமாக அவன் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"சொல்றது நான்தான் சொல்லணும்" என்றார் பெரியவர். பிறகு தம்பி மனைவியைப் பார்க்காமல், "அன்னிக்கு நான் பேசினது... டியூபப் பத்திதான்" என்றார்.

"தெரியும் அத்தான்."

"தெரியாது" என்றாள் அவர் மனைவி. "நல்லாப் புரியுற மாதிரி சொல்லுங்க."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "யாரும் எங்கயும் தனியாப் போக வேணாம். போதுமா?"

"இப்பப் புரியுது" என்று அவள் எல்லோர் தட்டிலும் இன்னொரு கரண்டி வைத்தாள்.

பழச்சாறு ஆலைக்குப் பெரியவரும் தம்பி மனைவியும் போனார்கள். பால் குடிக்கிற குழந்தை என்பதால் அதுவும் வந்தது. ஆலைக்குள் நுழையும்போதே புளித்த பழத்தோலும் சூடான சர்க்கரையும் கலந்த வாசனை. மேனேஜரம்மா வெடுக்கென்று பேசுகிறவர். சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது. பெரியவர் நசுங்கிய டியூபில் ஒரு துண்டை மேசை மேல் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தப்பு தன்னுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும்.

"பழம் வந்து இறங்கப்போகுது. இப்ப வந்து சொல்றீங்க" என்றார் மேனேஜரம்மா.

"ஆமாங்க."

"சொல்லாம மாட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது. ஒரு நாள் மடங்குற வரைக்கும்."

மேனேஜரம்மா டியூப் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர் போல எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார்.

தம்பி மனைவி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கேட்டாள். "மேடம், ஒண்ணு கேக்கலாமா? ஆர்டர்ல ஸ்டீம் நாலு கிலோன்னு போட்டிருக்கீங்க. நாலு எதுக்கு?"

"எங்க மெயின் லைன்ல வர்றது நாலு. அதத்தான் எழுதினோம்."

"இப்ப ஓடுற பழைய மெஷினுக்கும் நாலுதான் விடுறீங்களா?"

"அத்தனை விட்டா சாறு கருகிடும். ஒரு தடவை விட்டு, ஒரு டேங்க் முழுக்கக் காப்பி நிறத்துல வந்து, கீழ ஊத்தினோம். வால்வைக் கொஞ்சமாத் திறந்து, ஒன்றரையிலதான் எப்பவும் ஓட்டுவாங்க."

தம்பி மனைவி பெரியவரைப் பார்த்தாள். பெரியவர் ஏற்கெனவே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரைக்கு மேல வேண்டவே வேண்டாம்னா," என்று அவர் மெதுவாகச் சொன்னார், "மெஷினையே ரெண்டு கிலோ மெஷினாப் பண்ணிடலாமே. வெளிய ரெண்டு, உள்ள ஒண்ணு. மூணு."

"அனுமதி நாலரைக்குக் கிட்ட" என்றாள் அவள். "தாராளமா நிக்கும். ஆனா சும்மா பேச்சுக்கு ரெண்டுன்னு சொன்னாப் போதாது. யாராவது மறந்து முழுசாத் திறந்தாலும் ரெண்டுக்கு மேல ஏறக்கூடாது. பிரஷர் குறைக்கிற வால்வு ஒண்ணு, அது கெட்டுப்போனாலும் மொத்த ஸ்டீமையும் வெளிய விடுற அளவுக்குப் பெரிய சேஃப்டி வால்வு ஒண்ணு. பேர்த் தகட்டுலயும் ரெண்டுன்னுதான் அடிக்கணும். சூடு போதுமான்னு நான் கணக்குப் போட்டுப் பாக்கணும், இன்னிக்கே சொல்லிடறேன்."

"உக்காந்து போடுங்க" என்றார் மேனேஜரம்மா. "குழந்தைய இப்படிக் குடுங்க. வேண்டாம், எனக்குச் சளி. அவர்கிட்டயே குடுங்க."

பெரியவர் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆலை முற்றத்தில் நடந்தார். மழை விட்டு, தரையில் தேங்கிய தண்ணீரில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அது அறுந்து விழுகிற நேரத்துக்கு உள்ளேயிருந்து அவள் வந்தாள்.

"போதும் அத்தான். கொஞ்சம் மிச்சமே இருக்கு. நீங்க வாங்கின டியூப் மெலிசுங்கறதால சூடு நல்லாவே போகுது."

"கடைசியில என் டியூபுக்கும் ஒரு நல்ல பேரு கிடைச்சிருச்சு" என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. ஒவ்வொரு டியூபையும் எஃகு மேசையில் உருட்டித் தடவிப் பார்த்து, சந்தேகப்பட்டதையெல்லாம் ஒதுக்கினார்கள். ஒதுக்கியது போக, தேவைக்கு மேல் வாங்கியிருந்ததில் எண்ணிக்கை நூலிழையில் சரியாக வந்தது. தம்பி ஒவ்வொரு டியூபின் வாயையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெல்டு செய்தான். ஓர் ஓட்டைகூட விழவில்லை. தூண் லாரியில் படுத்துக்கொண்டு போய், ஆலையில் எழுந்து நின்றது.

ஓட்டிப் பார்க்கிற நாளில் வீட்டோடு எல்லோரும் போயிருந்தார்கள். பம்பு காற்றை உறிஞ்சியது. சாறு விடுவதற்கு முன் வெறும் தண்ணீரை விட்டு, ஸ்டீமைத் திறந்தார்கள். அழுத்தம் ஒன்றரையில் வந்து நின்றது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பழைய இயந்திரத்துக்குப் பழகிய ஆலைக்காரர் ஒருவர், இன்னும் கொஞ்சம் சூடு வரட்டும் என்று, குறைக்கிற வால்வைச் சுற்றிப் போகிற வழியைத் திறந்துவிட்டார். முள் சடாரென்று ஏறியது. இரண்டைத் தொட்டதும் மேலே சேஃப்டி வால்வு பெரிய இரைச்சலோடு திறந்துகொண்டது. வெள்ளை ஆவி கூரை வரை பீய்ச்சியது. ஆட்கள் நாலா பக்கமும் ஓடினார்கள். குழந்தை வீறிட்டு அழ, பெரியவர் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். தம்பி போய் அந்த வழியை மூடினான். முள் இறங்கியது. இரைச்சல் நின்றது.

ஆலைக்காரர் வெலவெலத்துப் போய் நின்றார். பெரியவர் அவர் தோளில் கை வைத்து, "அதுக்குத்தாங்க அது இருக்கு" என்றார்.

"டியூபுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதே?" என்று மேனேஜரம்மா கேட்டார்.

"ஆகியிருக்காது மேடம்" என்றாள் தம்பி மனைவி. "ரெண்டுக்கு மேல ஏறவே இல்ல. கணக்குப்படி நிறைய இடம் இருக்கு. சாற விடலாம்."

"நிறுத்துங்க" என்றார் பெரியவர். "ஆறட்டும். மேல மூடியத் திறந்து பாத்துரலாம்."

"அத்தான், தேவையில்ல. நான் உறுதியாச் சொல்றேன்."

"உன் கணக்கு மேல எனக்குச் சந்தேகம் இல்லம்மா. டியூப் நான் வாங்கினது. அத நான் பாக்கணும்."

அவள் ஸ்டீமை மூடச் சொல்லிக் கை காட்டினாள்.

சூடு இறங்கியதும் மேல் மூடியைக் கழற்றினார்கள். பெரியவர் ஏணியில் ஏறினார். டியூபின் உள் அளவுக்கு ஒரு மயிரிழை சின்னதாகக் கடைந்த மரப் பந்து ஒன்று அவர் பையில் இருந்தது. கீழ் மூடியும் திறந்திருந்தது. அங்கே தம்பி ஒரு துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தான். வட்டம் கெட்ட டியூபில் அந்தப் பந்து இறங்காது.

முதல் டியூபில் பந்தை விட்டார். காற்று அதைத் தாங்கித் தாங்கி இறக்கியது. உஸ்ஸென்று ஒரு நீண்ட பெருமூச்சு, பிறகு கீழே துணியில் மெத்தென்று ஒரு சத்தம்.

"வந்துருச்சுண்ணா."

பந்தைக் கூடையில் போட்டுக் கயிற்றில் மேலே அனுப்பினான். அடுத்த டியூப். பெருமூச்சு. "வந்துருச்சு." அதற்கடுத்தது. ஆலை ஆட்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவர்களே கயிற்றை இழுக்க வந்தார்கள். வால்வைத் திறந்த ஆலைக்காரர் கூடையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். குழந்தையோடு திரும்பி வந்த பெரியவர் மனைவி, "எத்தன தடவைதான் விடுவாரு?" என்று கேட்டாள். "எல்லாத்துலயும்க்கா" என்றாள் தம்பி மனைவி. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓரத்தில் கடைசி டியூப் மிச்சம் இருந்தது. பெரியவர் முழங்காலை நகர்த்திக்கொண்டு குனிந்து பந்தை விட்டார். கீழே எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உஸ்ஸென்று அது இறங்கிக்கொண்டே இருந்தது.

"வந்துருச்சுண்ணா" என்றான் தம்பி.

பெரியவர் ஏணியின் உச்சியிலிருந்து மேனேஜரம்மாவைத் தேடிப் பார்த்துச் சொன்னார்.

"மூடிய மாட்டிடறோம். சாறு அனுப்புங்க."